தீவில் ஓர் அறை

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். உங்கள் இருமல் நின்றதா? பேத்தி ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறாளா?

போன வாரம் அலுவலகப் படியைத் துடைக்கும்போது வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டில் வீக்கம். பயப்பட ஒன்றுமில்லை. அரசு மருத்துவமனைக்குப் போனேன். எக்ஸ்ரே அறையைப் பூட்டிவிட்டார்கள், நடத்த அரசிடம் பணமில்லையாம்.

திரும்பி வந்து கணக்கரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "வரி வந்தாத்தானே அரசுகிட்ட பணம் இருக்கும்? நம்ம கம்பெனி காகிதத்துல ஒரு தீவுல இருக்கு பாட்டி. அங்க ஒரே ஒரு ரூம். லாபமெல்லாம் அங்க போயிடும், அதனால இங்க வரி கிடையாது."

"அப்போ நான் தினமும் துடைக்கிற ஏழு மாடி யாரோடது? என் சம்பளத்துல மட்டும் மாசாமாசம் தொழில் வரி பிடிக்கிறீங்களே, நான் எந்தத் தீவுல இருக்கேன்?" என்றேன். அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டு வரி பத்து நாள் தாமதமானதற்கு நம் குழாயை அடைத்துவிட்டுப் போன நகராட்சிக்காரன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இந்தச் சிரிப்பும் மறக்காது.

கட்டுப்போட உங்கள் பழைய பருத்திச் சட்டை ஒன்றை அனுப்புங்கள். அங்கே துணி கிடைக்காதா என்று கேட்காதீர்கள்.

ஐந்தாம் மாடியில் கூப்பிடுகிறார்கள். வாளியை இடது கையால் தூக்கப் பழகிவிட்டேன்.

உங்கள் மனைவி