நான்கு காலி வட்டங்கள்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து ஆனிக் காற்று. மொட்டை மாடியில் காயப்போட்ட அம்மாவின் சேலை பக்கத்து வீட்டு முருங்கையில். அந்த வீட்டுக்காரர் ஏணி தேடவில்லை. "உங்க கைக்கு எட்டுமுங்க, நீங்களே எடுத்துக்குங்க" என்றார். எட்டியது.

சனிக்கிழமை கண் ஆஸ்பத்திரிச் சமாசாரம், மறப்பதற்குள்:

– இரண்டு கண்ணிலும் லென்ஸ் இடம் நழுவியிருக்கிறது. இடது மோசம்.
– 17, வியாழன். இடது கண் ஆபரேஷன். முழு மயக்கம்.
– ஃபைலின் மூலையில் பென்சிலால் 'மார்ஃபன்', பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"பரம்பரையா வர்ற ஒண்ணுங்க. உயரம், ஒல்லி, நீள விரல், கண்ணு, இதயம். எதுக்கும் எக்கோ எடுத்துட்டு ஜெனிடிக்ஸ் டாக்டரையும் பாத்துருங்க" என்றார் கண் டாக்டர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புண்ணியமெல்லாம் ரஹீம் பாய்க்கு. மூன்றாம் வகுப்பிலிருந்து எனக்குக் கண்ணாடி போடுகிறவர், டவுன்ஹால் பக்கம் கடை. பழைய பவர் சீட்டுகளை எல்லாம் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு, "பவர் இப்பிடித் தாவக்கூடாதும்மா. தப்பு கண்ணாடியில இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. அதுவரைக்கும் நான் உங்களுக்குப் போட்டுத் தர்றதா இல்ல" என்றார். வந்த வியாபாரத்தை வேண்டாமென்ற கடைக்காரரை அன்றுதான் பார்த்தேன்.

மதியம் கம்பெனியில் கூட வேலை செய்யும் சுதாவை டேப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். உயரம் 173. இரு கையையும் விரித்தால் 182. கை விரிப்பு உயரத்தைவிட அதிகம். கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடினால் நுனி மறுபக்கம் எட்டிப் பார்க்கிறது. மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தால் விரல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகின்றன. எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இப்படித் தேறியதில்லை.

சுதா: "நெட்டக்கொக்குன்னு கூப்புட்டதுக்கெல்லாம் இங்கிலீசுல ஒரு பேரு இருக்குது பாரு."

ஜூலை 8, செவ்வாய்

தூறல். ஒன்பதாம் நம்பர் லேத் ரிப்பேர், எனக்கு வேலை குறைவு. போனில் படித்தேன். படிக்கப் படிக்க ஆசை.

ஒரே மாதிரி உடம்பைத் தரும் கோளாறுகள் இத்தனையா! ஒன்றில் உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருக்குமாம். டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றுதான். இன்னொன்றில் காது மடல் கசங்கியிருக்கும். என் காது இஸ்திரி போட்ட காது. மூன்றாவதில் தோலை இழுத்தால் ரப்பராக வரும். இழுத்தேன், வலித்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் காதையும் பார்த்து, ஸ்டோர் கீப்பரிடம் திட்டு வாங்கினேன்.

கடைசியில் நிற்பவை இரண்டு. மார்ஃபன் (இனி ம.). ஹோமோசிஸ்டின்யூரியா (இனி ஹோ., முழுதாக எழுதினால் பேனா தேயும்). இரண்டிலும் உயரம், நீள விரல், லென்ஸ் நழுவல். ஆனால் ம.வில் மூட்டுகள் தளர்வாக வளையும். ஹோ.வில் விறைப்பு.

என் விரலைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். மரக்கட்டை. டிரில் பீரியடில் ஒருநாளும் குனிந்து பாதத்தைத் தொட்டதில்லை. சோம்பேறி என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

ஏழு வருஷமாக பம்ப் கம்பெனி இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரம் இம்பெல்லர். வலப்பக்கம் சுற்றும் இம்பெல்லரும் இடப்பக்கம் சுற்றுவதும் தட்டில் கிடந்தால் அக்கா தங்கை மாதிரி. மாற்றி மாட்டினாலும் மோட்டார் ஓடும், சத்தமும் சரியாக இருக்கும். தண்ணீர் மட்டும் மேலே ஏறாது. போன வருஷம் ஒரு லாட் அப்படிக் கலந்துபோய் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிறதே என்று நம்பக் கூடாது.

ஜூலை 10, வியாழன்

எக்கோ. ஜில்லென்ற பசை. இதயம் சுத்தம், ம.வில் அகலும் ரத்தக்குழாயும் அகலவில்லை. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், வரும் வழியில் பன்னும் டீயும். எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் ம. பட்டியலில் இன்னொரு கோடு அடிபட்டது என்று மனசு குறித்துக்கொண்டது.

காத்திருந்த இடத்தில் ஒரு பெரியவர் இன்னொருவரிடம்: "எக்கோன்னா மலையில கத்துனா திரும்பி வருமே, அதுங்களா?" "அதேதானுங்க. உள்ள கத்துவாங்க போல."

ஜூலை 11, வெள்ளி

ஜெனிடிக்ஸ் ஓ.பி. டோக்கன் 14. டாக்டர் சின்ன வயசுப் பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். நிதானம்.

விரல்களை வளைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். கண் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "லென்ஸ் கீழ்ப்பக்கமா நழுவியிருக்கு. மேல போனா மார்ஃபன் பக்கம், கீழ போனா இன்னொண்ணு பக்கம்னு பொதுவாச் சொல்லுவோம். ஆனா அதையே நம்ப முடியாதுங்க, யமுனா" என்றார்.

அப்புறம் ஒரு தாளில் படம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். அப்பாவுக்கு ஒரு கட்டம், அவர் போய் ஆறு வருஷம் என்பதால் குறுக்கே ஒரு கோடு. அம்மாவுக்கு வட்டம். நடுவில் கல்யாணக் கோடு. கீழே கறுப்படித்த வட்டமாக நான்.

"அம்மா, நீங்களும் வீட்டுக்காரரும் சொந்தத்துல கட்டுனீங்களா?"

"அசலுங்க, சொந்தமில்ல" என்றாள் அம்மா. கேள்வி முடியும் முன்பே பதில். "அவிய கூட்டம் வேற, நாங்க வேற கூட்டம், வேற குலம்."

"தூரத்துச் சொந்தம் ஏதாச்சும்?"

"அதெல்லாம் இல்லீங்க."

டாக்டர் விளக்கியது: ம. ஒரு பக்கத்திலிருந்தே வரலாம், புதிதாகவும் முளைக்கலாம். ஹோ. வர அப்பா அம்மா இருவரும் அதே பழுதை வைத்திருக்க வேண்டும். அது அபூர்வம். சொந்தத்தில் கட்டியிருந்தால் அவ்வளவு அபூர்வமில்லை. ஹோ. என்றால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் ஏறி, ரத்தம் சட்டென்று உறையும். மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருந்தால் அதை இறக்கிவிட்டுத்தான் ஆபரேஷன் மேசை.

ரத்தம் எடுத்தாயிற்று. முடிவு வரப் பத்து நாளுக்கு மேல். ஆபரேஷன் ஆறு நாளில்.

"தள்ளிப்போடவும் யோசனையா இருக்குங்க. லென்ஸ் முன்னால வந்து அடைச்சா கண்ணுல அழுத்தம் ஏறிப் பார்வையே போயிரும். சொந்தம் இல்லைங்கறதால, இதயம் நல்லா இருந்தாலும் மார்ஃபன்னுதான் எனக்கும் தோணுது. கண் டாக்டர்கிட்டப் பேசறேன். ஏதாச்சும் சொந்தம் ஞாபகம் வந்தா மட்டும் செவ்வாய்க்குள்ள சொல்லிருங்க."

இதுதான் கணக்கு. தள்ளினால் கண். தள்ளாவிட்டால் ஒருவேளை நானே. பயம்தான், எழுதியாவது வைக்கிறேன்.

ஜூலை 12, சனி

லீவு. கிராஃப் தாளில் நானே படம் போட்டேன். எட்டுப் பூட்டன் பூட்டிகள் வேண்டும்.

நான்கு கட்டங்கள் பத்து நிமிஷத்தில் நிரம்பின. நாலு வீட்டுக் குலதெய்வக் கோயில் கல்வெட்டுப் போட்டோக்களும் என் போனிலேயே இருக்கின்றன. இன்னார் மகன் இன்னார், அவர் மகன் இன்னார். ஆண்களாகவே பெற்று ஆண்களாகவே வளர்ந்த கூட்டம் போல. நான்கு வட்டங்களும் காலி.

அம்மா அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்க அம்மிச்சி பேர் என்ன?"

"எதுக்கு?"

"படத்துக்கு."

"செத்தவிய பேரெல்லாம் இப்ப எதுக்குங்கறேன்? ஊட்டுலயும் இன்ஸ்பெக்‌ஷனா?"

தன் அம்மாவைப் பெற்றவளின் பெயர் ஒருத்திக்குத் தெரியாமலா இருக்கும்? கடுகு கருகியது. அம்மா கையில் கடுகு கருகி நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் காங்கேயம் அத்தைக்குப் போன். அப்பாவின் தங்கை. பின்னால் எண்ணெய் மில் சத்தம், கத்திக் கத்திப் பேச வேண்டும். அப்பாவின் அம்மிச்சி பெயரைக் கேட்டதும் அத்தை கத்துவதை நிறுத்திவிட்டாள்.

"உங்கம்மாளையே கேளு கண்ணு. நா சொன்னா நல்லாருக்காது."

ஆக, சொல்ல ஒன்று இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

நான் தத்தெடுத்த பிள்ளையோ என்று அரை நாள் யோசித்தேன். கண்ணாடியில் பார்த்தால் அப்பாவின் மூக்கு. தள்ளுபடி.

அம்மாவிடம் மறுபடி கேட்கவில்லை. இட்லி அமைதியாகத் தின்னப்பட்டது.

ஜூலை 14, திங்கள்

வேலைக்குக் கிளம்பும்போது அம்மா பின்னால் நின்று தலை பின்னிவிட்டாள். பத்து வருஷமாக இல்லாத வழக்கம். முகத்தைப் பார்க்காமல் பேசத்தான் என்று பிற்பாடு புரிந்தது.

"உங்கப்பாவோட அம்மிச்சியும் என்ற அம்மிச்சியும் அக்கா தங்கச்சி, அம்மணி. ஒருவயித்துப் பொறப்பு. கோபிக்குப் பக்கத்துல பொறந்தவிய."

கல்யாணம் பேசும்போது கூட்டம் பார்த்தார்கள், வேறு வேறு, சரி. இரண்டு தலைமுறைக்கு மேலே பெண்கள் எங்கே பிறந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் விருந்தில் கோபியிலிருந்து வந்த ஒரு கிழவி இரு பக்கத்தையும் அடையாளம் கண்டுவிட்டாளாம்.

அக்கா தங்கை பெற்ற பெண்கள் அக்கா தங்கை முறை. அவர்கள் பெற்ற பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. எங்களில் கட்டவே கூடாத முறை. தாலி ஏறிவிட்டது. கிழவியின் வாயை அடைத்து, இரண்டு வீட்டாரும் அத்தோடு அசல் என்று வைத்துக்கொண்டார்கள்.

கேட்டதும் என் முதல் நினைப்பு: கோடு சேர்ந்துவிட்டது! இரண்டு காலி வட்டமும் மேலே போய் ஒரே வீட்டில் முடிகிறது. சிரித்தே விட்டேன் போல. திரும்பினால் அம்மாவின் முகம். என்ன ஜென்மம் நான்.

"முப்பது வருசமா உங்கப்பாகிட்டக்கூட அதப்பத்தி வாயத் தொறந்ததில்ல. இனி ஒரு டாக்டரு நோட்டுல ஏத்தோணுமா?"

"ஏத்தோணும்மா. நாளைக்குள்ள. நானே போன்ல சொல்றேன்."

"நீ சொல்ல வேண்டாம்" என்றாள். பின்னல் மிக இறுக்கம். நாள் முழுக்கத் தலைவலி.

ஜூலை 15, செவ்வாய்

காலை எழுந்தால் அம்மா இல்லை. போன் அலமாரி மேலேயே. கோயில், ரேஷன் கடை, பக்கத்து வீடு, எங்கும் இல்லை. அவள் வேண்டாமென்றாலும் பதினொன்றரைக்கு டாக்டர் ஓ.பி.க்கு நானே கூப்பிட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கூப்பிட்டேன். லைன் பிஸி. மறுபடியும் பிஸி.

பன்னிரண்டேகாலுக்கு அம்மா வந்தாள். பட்டுச் சேலை. கையில் என் ஃபைல். தனியாக இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். டோக்கன் 31.

"நீ சொல்ல வேண்டாம்னு சொன்னனே, நானே சொல்லோணும்னுதான்."

தண்ணீர் குடித்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"என்ன மொறைன்னு கேட்டாங்க. அண்ணன் தங்கச்சி மொறைன்னு சொன்னேன். கதவு தொறந்து கெடந்துச்சு, வரிசையில நிக்கறவியளுக்குங்கூடக் கேட்டிருக்கும். அந்த டாக்டருப் புள்ள மொகங்கூடச் சுளிக்கல. அன்னிக்கு எங்க ரெண்டு பேத்துக்கும் நடுவுல ஒத்தக் கோடு போட்டிருந்துச்சுல்ல, பக்கத்துல இன்னொரு கோடு இழுத்து ரெண்டு கோடாப் பண்ணுச்சு. சொந்தத்துல கட்டுனா அப்பிடித்தானாமா. நெறையப் பேருக்குப் போட்டிருக்காங்களாமா."

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு: "அதுக்கா நா இத்தன வருசம் பயந்தேன்?"

மூன்று மணிக்குக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஆபரேஷன் ஒத்திவைப்பு, முடிவு வந்த பின்தான். அதுவரை சொட்டு மருந்து மூன்று வேளை. குப்புறப் படுக்கக் கூடாது. கண் வலித்தால் உடனே வர வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. இந்நேரம் மேசையில் இருந்திருப்பேன். அதற்குப் பதில் ஆடி வழக்கப்படி வாசலில் தேங்காய் சுட்டோம். உள்ளே பொட்டுக்கடலை, எள், வெல்லம். காற்றில் நெருப்பு நிற்கவில்லை, அம்மா முறத்தால் மறைத்தாள். நான் தேங்காய் ஓட்டைக் கருக்கிவிட்டேன். உள்ளே நன்றாகவே வெந்திருந்தது.

கண் வலி இல்லை. சொட்டு மருந்து கசக்கிறது. கண்ணில் விடுவது தொண்டையில் எப்படிக் கசக்கிறது? படிக்க வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

அம்மா தானாகவே பெயர் சொன்னாள். நாச்சக்காள், தெய்வானை. அந்த அக்கா தங்கை. மற்ற இரண்டில் ஒன்றை அத்தையிடம் கேட்டு வாங்கினேன், இன்னொன்றை அம்மாவிடமே. நான்கு வட்டமும் நிரம்பின.

ஜூலை 23, புதன்

பத்தே முக்காலுக்கு டாக்டர் போன். இம்பெல்லர் ரேக்குக்குப் பின்னால் நின்று பேசினேன்.

ஹோ.தான். ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அளவு எக்கச்சக்கம். பி6 மாத்திரையும் ஃபோலிக் ஆசிடும் இன்றே தொடங்க வேண்டும், இன்னும் சில சோதனைகள். சிலருக்கு வெறும் பி6க்கே நன்றாக இறங்குமாம், எனக்கும் இறங்கும் என்று நினைக்கிறார். இறங்கினால் ஒரு மாதத்தில் ஆபரேஷன், அதற்கென்று தனி ஏற்பாடுகளோடு. "பதினேழாம் தேதி பண்ணியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், "அம்மாவுக்கு நான் நன்றி சொன்னதாச் சொல்லுங்க" என்று முடித்துக்கொண்டார்.

சுதா தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். பயமா நிம்மதியா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மாத்திரை மிகச் சின்னது. இருபத்தெட்டு வருஷத்துக்கு இவ்வளவுதானா என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு விழுங்கினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன், அந்தப் பாதி வாக்கியத்தையும். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். கையைக் கழுவினாள். கூடத்துக்குப் போய் அப்பா படத்தின் முன்னால் நின்றாள். நான் பார்ப்பது தெரியாது.

"ஏனுங்க," என்றாள், "சொல்லிப்போட்டேனுங்க."