நிறுத்தி வைத்த கோப்பு

இன்று காலை பழைய சட்டைகளைக் கழித்துக்கட்டும்போது ஒரு சட்டைப்பையிலிருந்து அந்த முகவரி அட்டை விழுந்தது. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் கொரிய எழுத்து. நீ கூட்டி வந்த கொரியக் கம்பெனி மேலாளர் இரண்டு கைகளாலும் நீட்டிக் கொடுத்தது. உன்னிடம் சொல்லாமல் விட்டதை இனி யாரிடம் சொல்ல? உனக்கேதான் எழுதுகிறேன்.

கம்பெனிக்கு இடம் பார்த்துத் தரும் வேலை உனக்கு. நரிக்குடிச் சாலையோரம் வேலிக்கருவை மண்டிய தரிசுக்கு அவரைக் கூட்டிப்போய்க் காட்டினாய். செருப்புத் தொழிற்சாலை வரும் என்றாய். விடியுமுன் மில் வேனில் ஏறும் உன் தங்கை, இனி நடந்தே வேலைக்குப் போய்வரலாம் என்றாய்.

அந்த நிலத்தின் கோப்பு, நான் எழுத்தராக இருந்த அலுவலகத்துக்குத்தான் வந்தது. பட்டாவில் பழைய பிழைகளைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். ஓர் அதிகாரி சரி என்று கையெழுத்திட்டு, மாற்றலாகிப் போனார். அடுத்தவர் மறுபடி அளக்கச் சொன்னார். அவரும் போனார்.

ஒருநாள் நாம் மூவரும் டீக்கடையில் நின்றபோது மேலாளர் உன்னிடம் ஏதோ கேட்டார். நீ என் பக்கம் திரும்பினாய்.

“ஏலே, இவுக வரிச்சலுகை கேக்கல, கரண்டு கேக்கல. இன்னைக்கு ஒரு ஆபீசரு போட்ட கையெழுத்து, நாளைக்கு வேற ஆளு வந்தாலும் நிக்குமான்னு கேக்காக. என்னலே சொல்ல?”

“நிக்கும்னு சொல்லு.”

“நெசமாவா?”

நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னை நம்பி அப்படியே சொன்னாய்.

மூன்றாவது அதிகாரி காரணம் எதுவும் எழுதவில்லை. “கொஞ்ச நாளு நிறுத்தி வைங்க” என்று வாயால் மட்டும் சொன்னார். கோப்பு என் மேசை இழுப்பறைக்குள் போனது. நீ வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்தாய். “பெரிய ஆபீஸுக்குப் போயிருக்குலே, வந்துரும்” என்றேன். உண்மை தெரிந்தால் மேலிடத்தில் முறையிடுவாய். சொன்னது நான் என்று தெரிந்து என்னை எங்காவது தூக்கியடிப்பார்கள் என்று பயம்.

மழைக்காலம் முடிவதற்குள் கம்பெனிக்காரர்கள் வேறு நாட்டில் இடம் பிடித்துவிட்டார்கள். கம்பெனி உன்னையும் கைவிட்டது. நிலம் தரச் சம்மதித்தவர்கள், நீ கமிஷன் அடித்துவிட்டதாகப் பேசினார்கள். என் அலுவலகம் இருந்த அருப்புக்கோட்டைப் பக்கம் வருவதையே நீ நிறுத்திக்கொண்டாய். தை பிறக்குமுன் மாரடைப்பு என்று செய்தி வந்தது.

உன்னை எடுத்த அன்று உன் தங்கை மில் சீருடையோடே நின்றாள்.

“பேப்பரு ஒங்க மேசையிலதான் கெடந்துச்சுன்னு அண்ணனுக்குத் தெரியும்ணே. ‘அவனுக்கும் பிள்ளகுட்டி இருக்கு, ஒண்ணும் கேக்காத’ன்னு எங்கிட்டச் சொல்லிட்டாக.”

தெரிந்துகொண்டேதான் வந்திருக்கிறாய். எதிரே உட்கார்ந்து என் பொய்யைக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் “சரிலே, வாரேன்” என்று எழுந்து போயிருக்கிறாய்.

ஓய்வுபெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, கைசுத்தமானவர் என்று பேசினார்கள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். மாலையை அங்கேயே நாற்காலியில் விட்டுவிட்டேன். உன் “சரிலே”யை மட்டும் எங்கும் இறக்கி வைக்க முடியவில்லை.