நாலுக்கும் ஆறுக்கும் ஒரு ஜெபம்

அன்புள்ள தம்பி,

இன்று சாயங்காலம் கேட்டைத் திறந்தேன். உன்னுடைய அதே நீலச் சீருடையில் ஒரு இளைஞன் நின்றான். கையில் ஒரு பொட்டலம். பிரிக்காமலே தெரிந்தது, வெனிலாக் காய். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கேக்குக்கு நீ தபாலில் அனுப்புகிற அதே வாசனை.

"ஏன், உங்க ஆபீசருக்குக் கால் இல்லையா, நேர்ல வந்து குடுக்க?" என்று என் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, இங்கிலீஷில், நீ இப்போது உயிரோடு இல்லை என்றான். பொட்டலம் உன் அலமாரியில் எங்கள் முகவரியோடு இருந்ததாம். எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

உன் தீவு நாட்டிலிருந்து பயிற்சிக்கு வந்து ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் மாடிக்கு நீ குடிவந்த அன்றைய சாப்பாடு நினைவிருக்கிறதா? "உங்க ஏர்ஃபோர்ஸ்ல எத்தனை பிளேன் தம்பி?" என்று இவர் கேட்டார்.

"ரெண்டு, அங்கிள்."

"ரெண்டு நூறா?"

"ரெண்டுதான். ரெண்டும் ஹெலிகாப்டர்."

இவர் வாய்க்குக் கொண்டுபோன இடியாப்பம் பாதியில் நின்றது. எங்கள் பக்கத்து வீட்டிலேயே மூன்று ஸ்கூட்டர் இருந்தது!

உன் கொள்ளுத்தாத்தா காரைக்காலில் கப்பலேறியவர். அவர் விட்டுப்போன நாலைந்து தமிழ்ச் சொற்களோடு வந்த நீ, எங்கள் மேசையில் மீதியைக் கற்றுக்கொண்டாய். குருமாவிலிருந்து பட்டாணிகளைப் பொறுக்கித் தட்டோரம் வரிசையாக வைத்து உன் நாட்டு விமானப்படையின் சரித்திரத்தைச் சொன்னாய். ஒன்றும் இரண்டும் வெள்ளைக்காரன் போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய விமானங்கள். உப்புக்காற்றே அவற்றைத் தின்றுவிட்டது. மூன்றாவது ஒரு பெரிய நாடு கொடுத்த இனாம். உதிரிபாகம் கிடைக்காமல் பூங்காவில் நிறுத்திவிட்டார்கள், குழந்தைகள் இறக்கையில் சறுக்கி விளையாடுகிறார்கள். நாலு, ஐந்து, ஆறு மூன்றும் இந்த ஊரில் செய்த ஹெலிகாப்டர்கள். அவற்றை ஓட்டப் படிக்கத்தான் நீ வந்திருந்தாய்.

"அஞ்சு எங்கே?" என்றேன்.

"அஞ்சு கடல்ல, ஆன்ட்டி. ஆளுக்கு ஒண்ணும் ஆகல" என்று ஐந்தாவது பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாய்.

சாப்பாட்டுக்கு முன்பு இவர் குடும்ப ஜெபத்தில் ஒவ்வொருவர் பேராகச் சொல்வார். உன் பேர் வந்ததும் நீ குறுக்கே புகுந்தாய். "என் பேர் வேணாம் அங்கிள். நாலையும் ஆறையும் சொல்லுங்க."

"இரும்புக்கெல்லாம் ஜெபமா? ஆண்டவர் என்ன மெக்கானிக்கா?"

"அது திரும்பி வந்தா நானும் உள்ளதானே இருப்பேன்? ஆண்டவருக்கு எதுக்கு ரெண்டு வேலை?"

இவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீ ஊருக்குப் போன பிறகும் அந்த வரி போகவில்லை. "நாலையும் ஆறையும் பத்திரமாய் இறக்கிவிடும், ஆண்டவரே." தினமும் கேட்டோம்.

அந்த இளைஞன் சொன்னதைச் சொல்கிறேன். புயலில் மீன்பிடிப் படகு கவிழ்ந்திருக்கிறது. கயிற்றில் இறங்க வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். நீ இறங்கினாய். மூன்று பேரை மேலே அனுப்பினாய். நாலாவது ஆளுக்காகப் போனபோது அலை அடித்தது, கயிறு மட்டும் மேலே வந்தது. எரிபொருள் தீரும்வரை சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறார்கள். ஓட்டியவன் இவன்தான். "ஆறாம் நம்பரில் ஒரு கீறல்கூட இல்லை" என்றான், என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்டதை ஆண்டவர் அட்சரம் பிசகாமல் கொடுத்திருக்கிறார். யாரிடம் சண்டை போடுவது, அவரிடமா, உன்னிடமா? நீ இருந்திருந்தால் இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாய்.

அவனைச் சாப்பிடாமல் போகவிடவில்லை. உன் நாற்காலியில்தான் உட்கார்ந்தான். இவர் ஜெபத்தைத் தொடங்கி, எல்லார் பேரையும் சொல்லி, "நாலையும்..." என்ற இடத்தில் நின்றுவிட்டார். தமிழ் தெரியாத அந்தப் பிள்ளை கண்ணை மூடிக் காத்திருந்தான். இங்கே பயிற்சி முடிந்து அடுத்த மாதம் ஊருக்குப் போய் அவன் மறுபடியும் ஆறில்தான் ஏறப்போகிறான்.

"என்னங்க, மொதல்ல இந்தத் தம்பி பேரக் கேளுங்க" என்றேன்.

இவர் கேட்டார். அந்தப் பேரைச் சொல்லி, அவனைப் பத்திரமாக இறக்கிவிடும்படி ஜெபித்தார். நாலையும் ஆறையும் அதற்குப் பிறகுதான் சொன்னார்.