சிரித்தால் பொய்

1964 மே 12, செவ்வாய்

கான்பூரில் கம்ப்யூட்டர் படிக்கும் கொழுந்தன் லீவுக்கு வந்திருக்கிறான். சீட்டாட்டத்தில் எதிராளியின் மனத்தை இயந்திரம் கணிக்குமா என்று சோதிக்க என்னை எதிரே உட்கார வைத்தான். இயந்திரத்துக்காக எழுதிய விதிப்படியே தன் சீட்டுகளைப் போட்டான். கையில் நல்ல சீட்டு ஒன்றுமில்லாமல், இருப்பதுபோல் நான் புளியங்கொட்டையைக் கூட்டிப் பந்தயம் வைத்தபோதெல்லாம் பிடித்துவிட்டான்.

“எப்படி தம்பி கண்டுபிடிச்ச?”

“அண்ணன் சொன்னதையும் ஒரு விதியாச் சேத்துட்டேன் அண்ணி. பொய் சொல்லும்போது நீங்க சிரிப்பீகளாம்.”

பக்கத்தில் இருந்த என் கணவர் என்னைப் பார்க்கவில்லை.

மாமியார் என்னை வைதுவிட்டுப் போனதும், “வருத்தமா?” என்று கேட்பார். “அதெல்லாம் இல்லைங்க” என்று சிரிப்பேன். அது பொய்யென்று தெரிந்தேதான் இத்தனை வருஷமும் திரும்பிப் படுத்துத் தூங்கியிருக்கிறார். இதோ, இப்போதும் குறட்டை. எழுப்பிக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.