மலையேத்தத்தின் அஞ்சாவது தட்டு

ஒழலப்பதி
17-11-1974

அன்புள்ள மகன் சென்னியப்பனுக்கு அம்மா எழுதிக்கொண்டது.

ஊரே அடங்கின பிறகு இத்தனை நேரங்கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள் கண்ணு. பகலில் உட்கார்ந்தால் யாராவது கூப்பிடுகிறார்கள், யாரும் கூப்பிடாவிட்டால் எருமை கூப்பிடுகிறது. இங்கே அப்பா, உன் தங்கச்சி சந்தனம், நான் எல்லோரும் கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், நீ அந்தப் பள்ளிவாசல் மலையூர்க் குளிரில் இருமாமல் தும்மாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நான் சாப்பிடுவது உடம்பில் ஒட்டும். கடலை பிடுங்கி ஆகிவிட்டது, காயப்போட்ட அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது, எல்லாவற்றையும் அள்ளி வீட்டுக்குள் ஆசாரத்தில் கொட்டி வைத்திருக்கிறோம், நடக்க வழியில்லை, வீடு முழுக்க ஈர மண் வாசனை. கிணற்று மோட்டாரில் காயில் கம்பி எரிந்துவிட்டது, அப்பா அதை வண்டியில் போட்டுக் கொழிஞ்சாம்பாறைக்குக் கொண்டுபோனார், போகிறபோது, பெத்த மவன் பவர் ஹவுஸ்ல ஊருக்கெல்லாம் கரண்டு உண்டாக்கறான், நம்மூட்டுக் கெணறு மட்டும் கம்முனு கெடக்குது என்று பக்கத்து வீட்டு முத்தாத்தாளிடம் சொல்லிவிட்டுப் போனாராம். சந்தனம் நாலாம் வகுப்புக்குப் போனதிலிருந்து என்னோடு மலையாளத்தில்தான் சண்டை போடுகிறாள், தமிழில் திட்டினால் எனக்குப் பதில் சொல்ல வந்துவிடும் என்று.

நீ காகிதத்தில் வரைந்து சுருட்டி அனுப்பின, நம் ஆட்டத்தின் நாலாம் தட்டு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. ஒரு முனை நசுங்கியிருந்தது, அரிசி டப்பாவை ஏற்றி வைத்து நிமிர்த்திவிட்டேன். பிரித்துப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துபோயிற்று, பொய் சொல்லவில்லை, அந்தக் கொண்டை ஊசி வளைவுகளும் தேயிலைச் சரிவும், பச்சை மையில் தண்ணீர் விட்டு இளக்கிப் பனி மாதிரி நீ பூசியிருக்கிற விதமும். பத்து வயதில் நம் மலையேத்த ஆட்டத்தை நீ ஆரம்பித்தபோது உரக் கம்பெனி காலண்டரின் பின்பக்கத்தில் மலை என்று ஒரு முக்கோணம் போட்டு அதன் தலையில் ஒரு கொக்கை உட்கார வைத்தாய், நினைவிருக்கிறதா. ஆனால் கட்டங்களுக்குள் எழுதியிருந்ததைப் படித்தேன் பார், அங்கேதான் என் சந்தோஷம் நின்றுபோயிற்று. அட்டை கடித்தது, ஓர் ஆட்டம் நில். சாரல் பிடித்தது, மூன்று கட்டம் கீழே வா. எல்லாம் உருண்டை உருண்டையாக, கரும்பலகையில் எழுதிப் பழகின கை. உன் எழுத்து எனக்குத் தெரியாதா. நீ சாப்பிடுகிற வீட்டு சாந்தம்மாள் டீச்சர் எழுத்து என்று கேட்காமலே தெரிந்துவிட்டது. வயல், ஆறு, காடு என்று முதல் மூன்று தட்டிலும் கட்டத்துக்குள் எழுதினவள் நான். நீ வரைவாய், நான் எழுதுவேன், அதுதான் நம் வழக்கம். நாலாவதில் என் கை இல்லை.

அப்படியும் மனதைத் தேற்றிக்கொண்டு அன்றைக்கு மத்தியானமே கடலையை ஓரமாகத் தள்ளிவிட்டு நாலு தட்டையும் வரிசையாக விரித்தேன். கடலை உரிக்க வந்த முத்தாத்தாள், இதென்ன அம்முணி, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்கு விரிக்கற பாயா என்று கேட்டாள். அவளுக்கு முதலிலிருந்து சொன்னேன், ஒரு தட்டு ஏறி முடித்தால்தான் அடுத்த தட்டு, ஒவ்வொன்றும் முன்னதை விடக் கஷ்டம், நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்துக் குலுக்கிப் போட வேண்டும், எத்தனை வெள்ளை தெரிகிறதோ அத்தனை கட்டம், நாலும் கறுப்பாக விழுந்தால் எட்டு, கடைசியில் அஞ்சாம் தட்டின் உச்சிக்கு முதலில் போய்ச் சேர்கிறவர்கள் கெலித்தவர்கள், அந்தத் தட்டைச் சென்னியப்பன் இனிமேல்தான் வரையப் போகிறான் என்று. காய் வைக்கச் சந்தனத்துக்கு வளையல் துண்டு, முத்தாத்தாளுக்கு உரித்த கடலைத் தோடு, எனக்கு வழக்கம்போல் மொச்சைக்கொட்டை. சண்டையும் கூச்சலுமாக மூன்று தட்டு ஏறி நாலாவதில் பாதி வழி வந்து உன் பாலத்துக்கு முன்னால் நின்றோம். அங்கே அதே உருண்டை எழுத்தில், அஞ்சு விழுந்தால்தான் அக்கரை என்று இருந்தது. போட்டோம், போட்டோம், மறுபடியும் போட்டோம், மூன்று காயும் சந்தைக்குப் போகிற பஸ்ஸை எதிர்பார்க்கிற மாதிரி பாலத்தடியில் நின்றதுதான் மிச்சம். நாலு கொட்டையில் அஞ்சு எப்படி விழும்? முத்தாத்தாள் ஒரு கொட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏனம்முணி, காலேஜு படிச்சவ நீ, நாலுக்குள்ள அஞ்சு எங்க இருக்குதுன்னு நீதான் சொல்லோணும் என்றாள். அதோடு விட்டாளா, உன்ர மவனும் அந்த டீச்சரம்மாளும் அக்கரையில உக்காந்து டீ குடிக்கறாங்களாட்ட இருக்குது, நம்மளக் கூப்புட மாட்டாங்க போ என்று ஒரு சிரிப்பு. அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள், எனக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

பொழுதோடு அப்பா வந்து பார்த்துவிட்டு, எஸ்டேட்டுக்காரங்க தெக்கத்தி ஆளுங்க, அவங்க பித்தளைத் தாயக்கட்டைதான் உருட்டுவாங்க, அதுல அஞ்சு விழுகும், இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறியா என்றார். அவருக்கு எல்லாம் லேசு. எனக்கு ஆறவில்லை கண்ணு. பத்து வயதிலிருந்து நீ எந்தக் கொட்டையை என்னோடு தேய்த்தாயோ அது உனக்கு மறந்துபோயிற்று. அவள் வீட்டுத் தாயக்கட்டையை உருட்டி உருட்டிப் பார்த்துக் கட்டம் போட்டிருக்கிறாய், அம்மா கையில் என்ன இருக்கிறது, அம்மா இதை எப்படி ஆடுவாள் என்று ஒரு நிமிஷம் நினைக்கவில்லை.

உன் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். வரிக்கு வரி சாந்தம்மாள் அக்கா. அக்கா வீட்டில் சாப்பாடு, அக்கா பிள்ளைகளோடு ஆட்டம், அக்கா இப்படிச் சொன்னாங்க, அக்கா அப்படிச் சொன்னாங்க. அவளுக்கு என் வயதுதான் இருக்கும், அவள் உனக்கு அக்காவாம். நாம் சந்தைக்குப் போனபோது எண்ணெய்க்காரர் என்னைப் பார்த்து, கூட வந்திருக்கறது தம்பீங்களா என்று கேட்டாரே, அதெல்லாம் உனக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது. இரண்டு வருஷம் என் பக்கத்தில் பாதியோடு கிடந்த நாலாம் தட்டு, அவள் வீட்டில் ஒரே மழை வாரத்தில் முடிந்துவிட்டதாம். கோடு கோணலாப் போனாலும் பரவாயில்லை தம்பி, நாளைக்குப் பசங்க ஆடணும், முதல்ல முடின்னு சொல்வாங்க என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் நான் ஸ்கேல் வைத்துப் போடச் சொன்னது குற்றமா? அதையும் அவளிடம் சொல்லி இரண்டு பேரும் சிரித்திருப்பீர்கள். அவள் ட்ரெயினிங் முடித்துவிட்டுக் குடையும் கைப்பையுமாகப் பள்ளிக்கூடம் போகிறவள், நான் சித்தூர் காலேஜில் இன்டர்மீடியட் பாஸ் பண்ணிவிட்டுக் கடலை காயப்போடுகிறவள், அவள் சொல்தான் எடுபடும். பொறாமைதான் கண்ணு, இதற்கு வேறு நல்ல பெயர் வைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. அவள் போடுகிற சோற்றின் மேல் எனக்கு ஒன்றும் இல்லை, யார் போட்டாலும் நீ வயிறாரத் தின்றால் சரி. நீ ஒன்றை முடித்தபோது பக்கத்தில் இருந்தாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ ஆரம்பிக்கிறதை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன், நீ முடிக்கிறதை அவள் பார்த்துவிட்டாள்.

அதைக்கூட விழுங்கிவிடுவேன். கடைசியில் நாலு வரி எழுதியிருக்கிறாயே, அஞ்சாம் தட்டு இனிமேல் வேண்டாம்னு தோணுதும்மா, நாலோட நல்லாத்தான் இருக்கு, இப்ப ரயில் ஆட்டம்னு புதுசா ஒண்ணு மனசுல ஓடுது என்று. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. புதுசு மனதுக்குள் ஓடுகிறவரை அழகாகத்தான் ஓடும், அங்கே கோணலும் இல்லை அழிப்பும் இல்லை, காகிதத்தில் இறங்கின மூன்றாம் நாள் அதுவும் இப்படித்தான் முரண்டு பிடிக்கும். நேற்று பரணில் ஏறிப் பார்த்தேன், உன் மூங்கில் கப்பல், சக்கரம் மாட்டாத தகர லாரி, பாதி சுற்றின ரேடியோ காயில், எல்லாம் முக்கால்வாசி வந்து அங்கேயே படுத்திருக்கின்றன. எல்லாம் நன்றாக வந்துகொண்டிருந்தவைதான், உனக்குத்தான் அலுத்துவிட்டது. அம்மா சொல்வதைக் கேள். வேலை விட்டு வந்ததும் ஒரே ஒரு கட்டம் போடு, இன்னொன்று போடலாம் என்று கை துறுதுறுக்கிறபோதே பென்சிலைக் கீழே வைத்துவிடு, அடுத்த நாள் யாரும் சொல்லாமல் நீயே வந்து உட்காருவாய். முழுசும் முடியட்டும் என்று காத்திருக்காமல் பாதித் தட்டிலேயே அந்தப் பிள்ளைகளை ஆடவிடு, அவர்கள் அடித்துக்கொள்கிற இடம் நன்றாக இருக்கிறது, கொட்டாவி விடுகிற இடத்தில் இரண்டு கட்டத்தை அடித்துவிடு. ரயில் ஆட்டத்தைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்காதே, சொல்லச் சொல்லப் பாதி ஆசை அதிலேயே தீர்ந்துபோகும், இதை முடித்த கையோடு அதை எடுத்துக்கொள். கோடு கோணலாகப் போனால் போகட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், திட்டாதே. நீ வேண்டாம் என்ற அஞ்சாம் தட்டை நான் வரைந்துவிட்டேன். புதன்கிழமை ஆரம்பித்தேன், ஸ்கேல் வைத்துத்தான். நான் பார்க்காத மலை, அதனால் உன் பழைய கடிதங்களில் இருந்ததையெல்லாம் கொண்டுவந்தேன், உச்சியிலிருந்து இறங்குகிற பெரிய தண்ணீர்க் குழாய், ராத்திரியெல்லாம் உறுமுகிற பவர் ஹவுஸ், ஜன்னல் வழியாக மேகம் நுழைகிற உன் அறை. தட்டின் வாசலில், எட்டு விழுந்தால்தான் உள்ளே என்று எழுதினேன். தாயக்கட்டையில் எட்டு விழாது என்று அப்பாவிடம் கேட்டு நிச்சயம் பண்ணிக்கொண்டுதான் எழுதினேன். உருட்டட்டும், கை வலிக்க உருட்டட்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது, எருமைக்குக்கூட ஒரு பிடி பிண்ணாக்கு அதிகம் வைத்தேன். முத்தாத்தாளிடம் காட்டினால் அவள் கையிலிருந்த கடலைத் தோட்டை ஊதிவிட்டு, பலே அம்முணி, அந்தம்மா உனக்கு ஒரு படலைச் சாத்திப்போட்டா, நீ அவளுக்கு ஒரு படலைச் சாத்திப்போட்ட, இனி அந்த உச்சிக்குப் போறது ஆரு, காக்காயா என்று கேட்டாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆனால் அடுப்பில் என்ன வைத்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை. இங்கே ஆடினால் காய் பாலத்தில் நிற்கும், அங்கே ஆடினால் வாசலில் நிற்கும். நீ பத்து வயதில் நம் வீட்டு வாசலிலிருந்து கிளப்பிவிட்ட காய், இத்தனை வருஷம் கழித்து எங்கேயும் போய்ச் சேராமல் நிற்கப் போகிறது, அதற்கு நானும் ஒரு கை கொடுத்திருக்கிறேன்.

எட்டை அழிக்கலாம் என்று ரப்பரை எடுத்தேன். அழிக்கவில்லை, அவ்வளவு நல்லவள் இல்லை நான். உன் அஞ்சையும் நான் தொடவில்லை. இரண்டும் இருக்கட்டும். தாயக்கட்டை எந்த இடம் வரைக்கும், புளியங்கொட்டை எந்த இடத்திலிருந்து, எங்கே எதைக் கீழே வைத்து எதைக் கையில் எடுக்க வேண்டும் என்று நீ உட்கார்ந்து விதி எழுது. அது ஆட்டத்தை உண்டாக்கினவன் செய்ய வேண்டிய வேலை, அதை நானும் செய்ய முடியாது, உன் சாந்தம்மாளும் செய்ய முடியாது. தட்டில் கடைசி வரிசையை வெறும் கட்டமாக விட்டிருக்கிறேன். பென்சிலைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். உச்சியில் இருக்கிறவன் நீ, அங்கே என்ன இருக்கிறது என்று கீழே இருக்கிற நான் எப்படி எழுதுவேன்.

இந்தக் கடிதத்தோடு அனுப்புகிற தட்டுக்குள் நாலு புளியங்கொட்டையைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன், புதுசாகத் தேய்த்தவை, விரல் இன்னும் காந்துகிறது, தொலைத்துவிடாதே. தைப் பொங்கலுக்கு லீவு கேட்டு வைத்துக்கொள், அஞ்சாம் தட்டை முடித்து எடுத்துக்கொண்டு வா, தாயக்கட்டையையும் மறக்காமல் கொண்டுவா. அந்த டீச்சருக்கும் பிள்ளைகளுக்கும் நம்ம பக்கத்து வெயில் வேண்டுமென்றால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வா, வருகிற ஒறம்பரைக்கு நம்மூட்டில் இடமில்லாமல் போய்விட்டதா என்ன. முத்தாத்தாளையும் உட்கார வைத்து நிறைவாக ஒரு ஆட்டம் ஆடுவோம். மொச்சைக்கொட்டை மட்டும் என்னுடையது, அதை அவள் கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.

மப்ளரைக் காதுக்குச் சுற்று, கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்ளாதே. உடுமலைப்பேட்டை பஸ்ஸில் வந்தால் முன்சீட்டில் உட்கார், பின்னால் உனக்குத் தலை சுற்றும். நீ எடுத்ததெல்லாம் நல்லபடியாக முடிந்து, உடம்பும் மனசும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். சந்தனம் முத்தம் அனுப்பியிருக்கிறாள். அஞ்சாம் தட்டை முடிக்கிறாயா இல்லையா, வேறொன்றும் எழுத நேரமில்லாவிட்டாலும் அதை மட்டும் ஒரு கார்டில் எழுது. சீக்கிரம் பதில் போடு கண்ணு.

உன் அம்மா,
ஜானகி