பார்த்தவள்

6-3-1957
புத்தூர் நூலகத்திலிருந்து வேதாச்சலத்தின் புது நாவல் கிடைத்தது. அவர் எழுதியதை ஒன்று விடாமல் படித்திருக்கிறேன். கொலைகாரன் யார் என்று கடைசிப் பக்கம்வரை ஏமாற்றுவார். இதில் முதல் பக்கத்திலேயே பெயரைச் சொல்லிவிட்டார். மீதியெல்லாம், கொலையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரியின் மனசு. மாவரைக்கிறாள், தலை வாருகிறாள், எல்லோரோடும் சிரிக்கிறாள். படிக்கப் படிக்க நெஞ்சு கனக்கிறது.

9-3-1957
மத்தியானம் நிலக்காரர் நாகபூஷணத்தின் வைக்கோல் போர் எரிந்து சாம்பலாயிற்று. நேற்று அவரோடு வாய்ச்சண்டை போட்ட கூலியாள் ரங்கன்தான் கொளுத்தினான் என்று பிடித்துச் சாவடியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.
என் கொழுந்தன் அப்பாவு போரோரம் பீடியை வீசிவிட்டுப் போனதை நான் பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் பார்த்தேன்.

10-3-1957
வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனுக்கு இன்னாத்துக்கு இந்த வேல? என் தம்பியக் காட்டிக் குடுப்பியா?" என்றார்.
புத்தகத்தைத் திறந்தேன். நாலு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. கொன்றவனைவிட இவள்மேல்தான் எனக்கு ஆத்திரம் — ஐயோ, நான் யாரைத் திட்டிக்கினு கீறேன்?

11-3-1957
சொல்லிட்டேன்!
ஆந்திராவில் கிடக்கும் எங்கள் ஊரைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கக் கேட்கும் எல்லை மனுவில் கையெழுத்துப் போட ஊரே சாவடியில் கூடியிருந்தது. ரங்கனைப் போலீசுக்குக் கொண்டுபோக வண்டியும் பூட்டியாயிற்று. "ரங்கன் கொளுத்தல. எங்க அப்பாவு போட்ட பீடி அது. என் கண்ணால பாத்தேன்" என்றேன்.
அப்பாவு எழுந்தான். "அண்ணி சொல்றது நெசம். பயந்துக்கினு கம்முனு இருந்துட்டேன்."
வண்டி மாட்டை அவிழ்த்தார்கள், ரங்கனை விட்டார்கள். ரங்கனின் மனைவி செல்லியம்மா என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. வீடுவரை நிமிர்ந்து நடந்தேன்.

14-3-1957
வீட்டுக்காரர் மூன்று நாளாகப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். எனக்கு நன்றாகப் பசிக்கிறது.

20-3-1957
நாவல் முடிந்தது. அவள் கடைசிவரை சொல்லவேயில்லை. அவளுக்காக அழுதேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. வேதாச்சலம் ஐயா, இந்தத் தடவை நான் உங்களை ஜெயித்துவிட்டேன்.

2-4-1957
எங்கள் தெரு செங்கம்மாவுக்கும் அவள் பக்கத்து நிலத்துக்காரருக்கும் வரப்புத் தகராறு. "ஜெயம்மா வந்து பாத்து சொல்லட்டும், அவ சொன்னா சரி" என்று இரண்டு தரப்பும் எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, தயங்கி நின்றேன். வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.
"நேரமாவுது, நீ போ. சோறு நான் வடிக்கறேன்."