நெருப்புத் தாங்காத சிவப்பு

மார்ச் 4, புதன்

பட்டறையில் இன்று மானம் போனது. லென்ஸைக் காணோம் என்று மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். "நெத்தியில இருக்குண்ணா" என்று ஒரு குரல். சம்பந்தியாகப் போகிற அம்மாள். எழுந்த வேகத்தில் மேசையில் தலையை முட்டிக்கொண்டே வரவேற்றேன்.

ஒரு மோதிரம் கொண்டுவந்திருந்தார். அவர் மாமியாரின் மாமியார் காலத்தது. நடுவில் சிவப்புக் கல். மாமியார் கண் மூடும்போது கழற்றிக் கொடுத்தாராம், முப்பது வருஷம் இருக்கும். ஞாயிறு நிச்சயத்துக்குள் என் மகள் விரலுக்குச் சிறிதாக்க வேண்டும். "இது உலையில வளத்த கல்லு இல்லண்ணா, மண்ணு குடுத்தது" என்றார். என் மகளுக்கு வேலையே உலையில் சிவப்புக் கல் வளர்ப்பதுதான். சிரித்து வைத்தேன்.

மார்ச் 5, வியாழன்

கெடுத்துவிட்டேன்.

உலைக் கல்லுக்கு நெருப்பு தாய்வீடு. கல்லைக் கழற்றாமலே பற்றவைத்துப் பழகிய கை, இதையும் அப்படியே பற்றவைத்தது. அமிலத்தில் போட்டு எடுத்தால் — கல்லுக்குள் சிலந்தி வலையாய் விரிசல். ஏண்டா, கழட்டறதுக்கு என்ன நோவு உனக்கு? பொண்ணு வாழ்க்கையிலயா சோம்பேறித்தனம்?

மார்ச் 6, வெள்ளி

மகள் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வந்தாள். "நீங்க உடைக்கலப்பா. இது முன்னாடியே வெடிச்ச கல்லு. வெடிப்புல கண்ணாடிய உருக்கி ஊத்தி மறைச்சிருக்காங்க."

அப்படி ஊற்றும் வேலை வந்தே இருபது வருஷம்தான் ஆகிறது. அப்படியானால் மோதிரம் பழையது, கல் புதிது. மாற்றியது யார்? முப்பது வருஷமாக மோதிரம் ஒரே கையில்தானே இருந்திருக்கிறது.

மகள் வளர்த்த கல்லைச் சத்தமில்லாமல் பதித்துவிடச் சொல்கிறாள் மனைவி. "அவங்க என்ன நுண்ணோக்கியோடவா வந்து உக்காரப் போறாங்க?" மகளோ, தன் கல் திருட்டுத்தனமாக அந்த வீட்டுக்குள் போகாது, உள்ளதைச் சொல்லாவிட்டால் தானே சொல்லிவிடுவேன் என்கிறாள். உள்ளதைச் சொன்னால் அந்த அம்மாள் புருஷன் முன்னால் தலைகுனிவார். மறைத்தால் என் மகளை இழப்பேன். மத்தளத்துக்காவது அடித்தால் சத்தம் போட உரிமை உண்டு.

மார்ச் 7, சனி

சாப்பாடு இறங்கவில்லை. இருந்தும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் மகளிடம் கெஞ்சினேன்: என் தப்பை நான் சொல்கிறேன், அடுத்தவர் கதை அவர்களோடு இருக்கட்டும். புடவை கட்டிக்கொள்ளப் போய்விட்டாள்.

எல்லாரும் உட்கார்ந்ததும் மோதிரத்தையும் கல்லையும் தட்டில் வைத்தேன். கழற்றாமல் நெருப்புக் காட்டினேன், தப்பு என்னுடையது என்றேன். மகள் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அந்த அம்மாளின் புருஷன் எழுந்தே விட்டார். "எங்கம்மா கல்லுங்க அது."

அந்த அம்மாள் கல்லை வெளிச்சத்தில்கூடப் பார்க்கவில்லை. எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார். "உக்காருங்க. போனது போகட்டும். இவ வளத்த கல்லே அதுல இருக்கட்டும். எங்கிருந்து வந்துச்சுன்னாவது தெரியும்."

புருஷன் உட்கார்ந்தார்.

கிளம்பும்போது வாசலில் அந்த அம்மாள் தனியாக என்னிடம் கேட்டார்: "அந்தக் கல்லுல வேற ஏதாச்சும் தெரிஞ்சுதாண்ணா?"

"லென்ஸ நெத்தியில வெச்சுக்கிட்டே தேடுற ஆளும்மா நானு. எனக்கு என்ன தெரியும்?"

சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

அந்த நல்ல கல்லு எதுக்காகப் போயிருந்தாலும் வீணா போயிருக்காதும்மா — நாக்கு நுனி வரை வந்தது. செருப்பை எடுத்து அவர் காலருகே திருப்பி வைத்தேன்.